மணியடிக்கும் அண்ணையும் ஒரு பேராசிரியரும்

எங்கள் பள்ளிக்கூடத்தில் எந்தச் செய்தியும் அதிபர் வாயால் முதலில் வந்ததில்லை. மணியடிக்கும் அண்ணைக்குத் தெரிந்தால் போதும். இடைவேளை முடியுமுன் விடுதிக்கும், மதிலுக்கு வெளியே ரியூசன் கொட்டிலுக்கும் போய்விடும். நாளைக்கு லீவா? தண்டவாளத் துண்டில் சுத்தியலைத் தட்டியபடி கண்ணைச் சிமிட்டுவார். அவ்வளவுதான்.

அவரை எனக்கு மறுபடி நினைவூட்டியவர் ஸ்டான்ஃபோர்ட் பொருளியல் பேராசிரியர் மத்தியூ ஜாக்சன். 2013 குளிர்காலத்தில், ரொறன்ரோவில் இரவு வேலை முடித்து வந்து, பிளேன்ரீயோடு, ஆட்களுக்கு இடையிலான தொடர்புகள் வலைபோல எப்படி இயங்குகின்றன என்பதைப் பற்றிய அவருடைய இணைய வகுப்பைப் பார்ப்பேன். கணக்கில் பாதி விளங்கவில்லை.

1988இல் ஸ்டான்ஃபோர்டில் கலாநிதிப் பட்டம் பெற்று, நோர்த்வெஸ்டர்ன், கால்டெக் பல்கலைக்கழகங்கள் என்று சுற்றி, 2006இல் படித்த இடத்துக்கே திரும்பியவர். 1996இல் ஆஷர் வோலின்ஸ்கி என்ற பொருளியலாளருடன் எழுதிய கட்டுரைதான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. ஓர் உறவு உண்டாக இருவரும் சம்மதிக்க வேண்டும், முறிக்க ஒருவரே போதும் என்பது அதில் வரும் அடிப்படை. இதற்குக் கணிதம் வேண்டுமா என்று அம்மா கேட்டிருப்பா.

எனக்குப் பிடித்தது அவர் ஊருக்குள் இறங்கிய கட்டம். அபிஜித் பானர்ஜி, அருண் சந்திரசேகர், எஸ்தர் டுஃப்லோ ஆகியோருடன் கர்நாடகத்தின் 75 கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். யார் வீட்டுக்குப் போவீர்கள், அரிசி, மண்ணெண்ணெய் தீர்ந்தால் யாரிடம் கேட்பீர்கள், யாரோடு கோயிலுக்குப் போவீர்கள் என்று விசாரித்து, உறவுகளை வரைபடமாக்கினார்கள். அப்புறம் 43 கிராமங்களுக்கு ஒரு நுண்கடன் நிறுவனம் போனது. கடைக்காரர், ஆசிரியர் போன்றவர்களிடம்தான் முதலில் சொன்னது. அவர்களுக்கு எத்தனை பேரைத் தெரியும் என்பது பெரிதாக இல்லை. அந்தத் தெரிந்தவர்களுக்கும் நாலு பேரைத் தெரிந்திருந்த ஊர்களில்தான் அதிகம் பேர் கடனில் சேர்ந்தார்கள். இன்னொரு ஆய்வில், செய்தி பரப்ப யார் சரி என்று ஊராரையே கேட்டார்கள். வரைபடம் எதுவும் பார்க்காமலே சரியான ஆட்களைக் காட்டினார்களாம். எங்களைக் கேட்டிருந்தால் மணியடிக்கும் அண்ணையை அல்லவா காட்டியிருப்போம்!

மற்றது, கொஞ்சம் கசப்பான விஷயம். அம்மா சீட்டுப் போட்டிருந்தா. எங்கள் ஒழுங்கையில் மூன்று சீட்டு. பெரும்பாலும் அதே முகங்கள். ஒருவர் காசு கட்டாமல் போக, ஒரே மாதத்தில் மூன்றும் படுத்துவிட்டன. எலியட், கோலப் என்ற இருவருடன் ஜாக்சன் எழுதி 2014இல் வெளிவந்த கட்டுரை இதே கதைதான், வங்கிகளை வைத்து. மிகச் சிலரோடு மட்டும் தொடர்பென்றால் நட்டம் அங்கேயே நின்றுவிடும். மிகப் பலரோடு என்றால் ஆளுக்குக் கொஞ்சமாகத் தாங்கிவிடலாம். இரண்டுக்கும் நடுவில் இருப்பதே ஆபத்து. அன்றைக்கு வகுப்பை நிறுத்திவிட்டு அம்மாவின் சீட்டுக் கொப்பியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, இந்த மலருக்குக் கட்டுரை கேட்கிறார்கள் என்று சங்கம் அனுப்பிய மின்னஞ்சலை நான் பார்க்கவேயில்லை. ஸ்காபரோவில் மீன் வாங்கப் போன இடத்தில், கடைக்கார அக்காதான் சொன்னா.