36ஆம் அத்தியாயத்தை இரண்டு முறை படியுங்கள்

வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகள் பலர் ஜேன் ஆஸ்டினின் 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலுக்கு ஒரு வரி பதில் தயாராக வைத்திருக்கிறார்கள்: நாயகன் டார்சிக்குத் திமிர், நாயகி எலிசபெத்துக்குத் தப்பெண்ணம், இரண்டும் தீர்ந்ததும் கல்யாணம். நோட்ஸில் அப்படித்தான் இருக்கும். நாவலில் இரண்டுமே இருவரிடமும் உண்டு.

1796-97இல் ஆஸ்டின் இதை முதலில் எழுதியபோது வைத்த பெயர் 'ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்ஸ்', அதாவது முதல் பார்வையில் எழும் எண்ணங்கள். இப்போதைய பெயரோடு அச்சில் வந்தது 1813 ஜனவரியில். அந்தப் பழைய பெயரை நினைவில் வைத்துக்கொண்டு, கையில் இரண்டு பேனா எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கும்போதே கோடு போடுங்கள். டார்சி தானே சொன்னதும் செய்ததும் நீலம். அவனைப் பற்றி மற்றவர்கள் சொன்னது சிவப்பு. மொத்தம் 61 அத்தியாயம். சில பதிப்புகளில் மூன்று பாகமாகப் பிரித்து எண் போட்டிருப்பார்கள். அவற்றில் 36 என்பது இரண்டாம் பாகத்தின் 13.

3ஆம் அத்தியாயத்தில், நடன விருந்தில், "சுமார்தான், என்னை இழுக்கிற அளவுக்கு அழகில்லை" என்று டார்சி சொல்வது எலிசபெத் காதில் விழுகிறது. அது நீலம். 16இல் விக்கம் என்ற இளம் ராணுவ அதிகாரி வந்து, தனக்கு வரவேண்டிய பாதிரியார் பதவியைத் தராமல் டார்சி தன் பிழைப்பையே கெடுத்துவிட்டதாகக் கதை சொல்கிறான். பக்கம் பக்கமாகச் சிவப்பு. டார்சி அந்த இடத்திலேயே இல்லை. ஆனாலும் எலிசபெத் நம்புகிறாள். "அவர் முகத்திலேயே உண்மை இருந்தது" என்று மறுநாள் அக்காவிடம் சொல்கிறாள். ஒருவன் அவமானப்படுத்திவிட்டான், இன்னொருவன் இனிக்கப் பேசுகிறான். அது போதுமானதாக இருந்தது.

34இல் டார்சி காதலைச் சொல்லி மறுப்பு வாங்குகிறான், 35இல் கடிதம் தருகிறான். 36தான் நாவலின் உயிர். எலிசபெத் கடிதத்தை முதல் தடவை படிக்கும்போது, அடுத்த வரியில் என்ன இருக்குமோ என்ற பதற்றத்தில் கண்ணெதிரே இருக்கும் வரி அவள் மனதில் ஏறவில்லை. "பொய்யாகத்தான் இருக்கும்" என்று மடித்து வைக்கிறாள். அரை நிமிடத்தில் மறுபடி பிரிக்கிறாள். இப்போது விக்கம் பற்றிய பகுதியை ஒவ்வொரு வரியாக நிறுத்துப் பார்க்கிறாள். பாதிரியார் பதவிக்குப் பதிலாக அவன் 3,000 பவுண்டு வாங்கியிருக்கிறான், அதைச் சொல்லவே இல்லை. டார்சிக்குப் பயந்து ஒதுங்க மாட்டேன் என்றவன் அடுத்த வாரமே விருந்துக்கு வராமல் நழுவினான். டார்சி ஊரில் இருந்தவரை அவளிடம் மட்டும் சொன்ன கதையை, அவன் போனதும் ஊரெல்லாம் சொன்னான்.

இங்கே நிறுத்தி 16, 18 இரண்டையும் திரும்பப் புரட்டுங்கள். விக்கம் பற்றிக் கடிதம் தரும் புதுச் செய்தி, அந்தப் பணமும், டார்சியின் தங்கையைத் தன்னோடு ஓடிவர அவன் சம்மதிக்க வைத்த விஷயமும்தான். மற்றதெல்லாம் அவள் கண் முன்னால், நம் கண் முன்னாலும், முன்பே நடந்தவை. முன்பின் தெரியாத ஒருத்தியிடம் முதல் பேச்சிலேயே ஒருவன் இவ்வளவு கொட்டுவானா என்று நாமும் கேட்கவில்லை. காதல் இங்கே தொடங்குவதாக விடைத்தாளில் எழுதுகிறார்கள். தவறு. இங்கே இருப்பது வெட்கம் மட்டும். கடிதம் வாங்கிய அந்தப் பாதையில் இரண்டு மணி நேரம் நடந்துகொண்டே இருக்கிறாள்.

டார்சி மாறியதை அளக்க 8ஆம் அத்தியாயமும் 43ஆம் அத்தியாயமும் போதும். எலிசபெத்தின் மாமா லண்டனில் சீப்சைடு பக்கம் வியாபாரம் செய்பவர். 8இல் டார்சியின் நண்பன் பிங்லியின் சகோதரிகள் அந்த ஏரியா பெயரைச் சொல்லியே சிரிக்கிறார்கள். இப்படிப்பட்ட சொந்தம் இருந்தால் பெரிய இடத்தில் கல்யாணம் அமைவது கஷ்டம் என்கிறான் டார்சி. "எந்த ஏரியா?" என்ற கேள்விக்கு வியாசர்பாடி என்றதும் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்கத் தேவையில்லை. 43இல் அதே மாமாவை டார்சி தன் தோட்டத்து ஆற்றில் வந்து மீன் பிடிக்க அழைக்கிறான், தூண்டிலும் தருகிறேன் என்கிறான். டார்சியின் பெம்பர்லி மாளிகையைப் பார்த்து எலிசபெத் மயங்கிவிட்டாள் என்று எழுதுபவர்கள் இந்தத் தூண்டிலைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

எப்போது காதல் வந்தது என்று 60இல் அவள் கேட்க, தொடங்கியதே தெரியாமல் நடுவில் வந்துவிட்டேன் என்கிறான். உங்கள் நீலக் கோடுகளைப் பாருங்கள். 6இலேயே அவள் கண்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டிருப்பான்.