பூட்டிக் கிடக்கிற ஏழு வீடு

ஞாயிறு காலையில் எனக்கு ஒரு வேலை உண்டு. எங்கள் தொடர்மாடியில் ஐந்தாம் மாடி வீட்டின் திறப்பை எடுத்துக்கொண்டு போய், ஜன்னல்களைத் திறந்து, குளியலறைக் குழாயை ஐந்து நிமிடம் ஓட விடுவேன். முதலில் பிளேன் டீ நிறத்தில் வரும், அப்புறம் தெளியும். கொழும்பு வெள்ளவத்தைக் கடற்காற்றில் ஒரு மாதம் சும்மா விட்டால் குழாய் இறுகிவிடும். வீட்டுக்காரர் டொரொன்டோவில். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து போகும்போது இங்கே சில நாள் தங்குவார். சுவர் நாட்காட்டி இன்னும் போன வருட ஆவணியில் நிற்கிறது.

கட்டடத்தில் பராமரிப்புக் காசு சேர்ப்பவன் நான். எந்த வீட்டில் ஆள், எந்த வீட்டில் பல்லி என்று எனக்கும் வோச்சருக்கும்தான் தெரியும். போன கூட்டத்தில் ஒருவர் எழும்பி, "வெள்ளவத்தையில பாதி வீடு சும்மா கிடக்கு, எல்லாம் வெளிநாட்டுக்காரற்ற" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். அதே கிழமையில் டெட்ரோயிட்டுக்குப் பக்கத்தில், டிரோயில் இருக்கிற மருமகன் பழைய பட்டியல் ஒன்றை வட்சப்பில் அனுப்பினான். 2009 தொடக்கத்தில் ஃபோர்ப்ஸ் வெளியிட்ட, அமெரிக்காவின் வெறிச்சோடிய நகரங்களின் வரிசை. லாஸ் வேகாஸ் முதலிடம், டெட்ரோயிட் இரண்டாமிடம். "மாமா, எங்கட ஊர் பேய் ஊராம்" என்று சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தான்.

வெறிச்சோடிய என்பதற்குப் பதிலாகக் காலி நகரம் என்றுதான் எழுத வந்தது. ஆனால் இலங்கையில் எங்களுக்குக் காலி என்றால் தெற்கே பஸ் போகிற ஊர்.

எனக்கு உறுத்தியது லாஸ் வேகாஸ்தான். அந்த ஊர் இருக்கிற கிளார்க் கவுன்டியில் (கவுன்டி என்றால் எங்கட மாவட்டம் மாதிரி) 2000ஆம் ஆண்டு குடிசனக் கணக்கெடுப்பில் 13.75 இலட்சம் பேர், 2010இல் 19.5 இலட்சம். பத்து வருடத்தில் ஐந்தே முக்கால் இலட்சம் பேர் வந்து குவிந்த இடமா வெறிச்சோடியது? அதே பத்து வருடத்தில் டெட்ரோயிட் நகரம் 9.51 இலட்சத்திலிருந்து 7.13 இலட்சமாகச் சுருங்கியது. ஒன்றில் வீட்டை அளவுக்கு மீறிக் கட்டிவிட்டார்கள், மற்றதில் இருந்த சனம் போய்விட்டது. தடிமனுக்கும் கால் முறிவுக்கும் ஒரே மருந்துச் சீட்டு.

அந்த வரிசைக்கு அடிப்படை அமெரிக்கக் குடிசனக் கணக்கெடுப்புப் பணியகம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வெளியிடும் வெற்று வீட்டு விபரம். 1956இலிருந்து வருகிறது, நல்ல வேலைதான். ஆனால் அதில் தலைப்புக்குப் போகிற வீதங்கள் இரண்டு: வாடகைக்கு விடக் காத்திருக்கும் வீடு, விற்கக் காத்திருக்கும் வீடு. சொந்தக்காரர் சந்தைக்கு விடாமல் பூட்டி வைத்திருப்பது இந்த இரண்டிலும் சேராது. கூரை போய் உள்ளே மழை விழுகிற வீடு என்றால், அது வீடு என்ற கணக்கிலேயே இல்லை. டெட்ரோயிட் என்றதும் நாங்கள் படத்தில் பார்க்கிற இடிந்த வீடுகள் பல இந்த வீதத்துக்கு வெளியே நிற்கின்றன.

எங்கள் கட்டடத்தையே எடுத்துப் பார்த்தேன். மொத்தம் 24 வீடு. இரவில் ஏழில் லைட் எரியாது. ஒன்று டொரொன்டோ, ஒன்று லண்டன். ஒன்று மகளின் சீதனத்துக்கு வாங்கியது. மகள் இன்னும் கம்பஸில் படிக்கிறாள். ஒன்றில் அண்ணன் தம்பி வழக்கு. ஒன்றின் சொந்தக்காரர் யாழ்ப்பாணத்தில், டொக்டரிடம் காட்ட வரும்போது மட்டும் தங்குவார். ஒன்று முதலீட்டுக்கு வாங்கியது, கதவுப் பிடியில் சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் உரிக்கவில்லை. ஏழாவது ஒன்றுதான் வாடகைக்கு விடத் தயாராக இருக்கிறது.

ஆள் இல்லாதது எத்தனை என்றால் 24க்கு ஏழு, கிட்டத்தட்ட 29 சதவீதம். அமெரிக்க வாடகை முறைப்படி பார்த்தால் வேறு. ஆள் குடியிருக்கிற வாடகை வீடு ஒன்பது, காத்திருப்பது ஒன்று, பத்துக்கு ஒன்று, ஆக பத்து சதவீதம். விற்பனைக்கு எதுவும் இல்லை, அந்தக் கணக்கில் பூச்சியம். மூன்றும் உண்மை. வாடகைக்கு இருக்கிற இரண்டாம் மாடிக் குடும்பம் போனால் பத்து ஒரே நாளில் இருபதாகிவிடும். கட்டடத்தில் ஒரு செங்கல்லும் அசைந்திருக்காது.

பெரிய நகரத்தில் இப்படி ஆடாது என்பீர்கள். ஆனால் அவர்கள் முழு நாட்டையும் விசாரிப்பதில்லை, மாதிரிக்கென்று ஏறத்தாழ 72,000 முகவரியைத்தான் எடுக்கிறார்கள். அதை 75 பெருநகரப் பகுதிகளுக்கும் மிச்ச நாட்டுக்கும் பிரித்தால், ஒரு நகரத்துக்கு எத்தனை வெற்று வீடு அகப்படும்? அதனால்தான் பணியகம் ஒவ்வொரு வீதத்துக்கும் பக்கத்திலேயே இவ்வளவு கூடலாம், குறையலாம் என்று ஒரு எண்ணையும் போடுகிறது. பத்திரிகைக்காரர் வரிசை போடும்போது முதலில் கழற்றி எறிவது அந்த எண்ணைத்தான். ஏழாம் இடமும் பதினைந்தாம் இடமும் உண்மையில் ஒரே இடமாக இருக்கலாம்.

இன்னொன்று, அந்த "டெட்ரோயிட்" நகரமும் இல்லை. ஆறு கவுன்டி சேர்ந்த பகுதி. மருமகனின் புல்வெட்டிய முற்றமும் அதற்குள்தான். மேல் மாகாணம் முழுவதையும் அளந்துவிட்டு வெள்ளவத்தை என்று பெயர் போட்ட மாதிரி.

இதையெல்லாம் அவனுக்கு ஒலிப்பதிவாக அனுப்பினேன். "மாமா, ஏழு நிமிசம் கதைச்சிருக்கிறீங்கள்" என்று மட்டும் பதில் வந்தது.

நேற்று இரண்டாம் மாடிக் குடும்பம் வீட்டை விட்டுவிட்டது. பார்க்க ஆள் வந்தால் காட்டச் சொல்லி வீட்டுக்காரர் திறப்பை என்னிடம் தந்திருக்கிறார். சரி, இருபது சதவீதம். வருகிற ஞாயிறு குழாய் திறக்க இரண்டு வீடு.