11-வது நடை: நகம் தப்பியது

நேற்று 12 கிலோமீட்டர் நடந்தேன். 640 மீட்டர் ஏற்றம், திரும்பும்போது அதே அளவு இறக்கம். முடித்து வந்து சாக்ஸைக் கழற்றியதும் முதலில் பார்த்தது இரண்டு கால் பெருவிரல்களையும்தான். நகத்தை அழுத்திப் பார்த்தேன். வலி இல்லை, சிவப்புகூட இல்லை. மலை இறக்கத்தில் நகம் அடிபடாதபடி ஷூ லேஸைக் கட்டுவதற்காகத்தான் நான்கு மாதமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அதனால் சூடு ஆறுவதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

நடை தொடங்கியபோது எனக்கு 41 வயது. அதற்கு முன் மலைப்பாதையில் கால் வைத்ததில்லை. மூச்சு வாங்கும், தொடை வலிக்கும் என்றெல்லாம் மனதைத் தயார்செய்துகொண்டு போனேன். மூச்சு ஐந்தாறு வாரத்தில் பழகிவிட்டது. தொடை வலியும் அப்படித்தான்: இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குவதால் முதல் சில நடைகளுக்குப் பிறகு இரண்டாம் நாள் படி இறங்கவே முடியாது, பிறகு உடம்பு கற்றுக்கொள்கிறது. ஆனால் பெருவிரல் மட்டும் பழகவேயில்லை. 4-வது நடையில் 500 மீட்டர் இறங்கியபோது ஒவ்வோர் அடிக்கும் விரல் நுனி ஷூவின் முன்சுவரில் போய் இடித்தது. மறுநாள் வலது பெருவிரல் நகத்தின் அடியில் ரத்தம் கட்டிக் கறுத்துவிட்டது. கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான் வளரும். பெருவிரல் நகம் முழுதாகப் புதிதாக ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அந்தக் கறுப்பு இன்னும் பாதி நகத்தில் இருக்கிறது.

முதலில் ஷூ சிறியது என்று நினைத்தேன். வாங்கியது காலை நேரத்தில், கடையில் கொடுத்த மெல்லிய சாக்ஸோடு. நடக்க நடக்கக் கால் வீங்கும் என்பதால் மாலையில், நடைக்குப் போடும் அதே சாக்ஸோடு அளவு பார்க்க வேண்டும் என்று அந்த விற்பனையாளர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. சரி என்று அரை அளவு பெரியதாக வேறொரு ஜோடி வாங்கினேன். அதில் குதிகால் மேலும் கீழும் ஏறி இறங்கிக் கொப்புளம் வந்தது, விரல் இடிப்பதும் நிற்கவில்லை. இடைவெளியை நிரப்ப இரண்டு சாக்ஸ் போட்டுப் பார்த்தேன். விரல்கள் ஒன்றோடொன்று நெருங்கிக்கொண்டனவே தவிர வேறு பயன் இல்லை. அப்புறம் லேஸை அடியிலிருந்து நுனி வரை ஒரே இறுக்காக இறுக்கினேன். 40 நிமிடத்தில் பாதத்தின் மேற்பக்கம் மரத்துப்போய், பாதையோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டியதாயிற்று.

8-வது நடைக்குப் பிறகுதான் விஷயம் புரிந்தது. குதிகாலைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாததால்தான் சரிவில் பாதம் முழுவதும் முன்னால் வழுக்கி வருகிறது. ஷூவின் முன்பக்கத்தில் எவ்வளவு இடம் விட்டாலும் பாதம் அந்த இடத்தையும் கடந்து வந்து இடிக்கத்தான் செய்யும். ஆக, பூட்ட வேண்டிய இடம் கணுக்காலின் மடிப்பு.

குதிகால் பூட்டு, அதாவது குதிகால் நகராதபடி லேஸாலேயே பிடித்து நிறுத்தும் கட்டு, பலருக்கும் தெரிந்ததுதான். என் ஷூ கணுக்காலுக்குக் கீழே நிற்கும் வகை, கொக்கி கிடையாது, எல்லாமே ஓட்டைகள். கடைசி ஓட்டைக்கு முந்தையது வரை குறுக்காகக் கோத்து, கடைசி ஓட்டையில் எதிர்ப்பக்கம் போகாமல் அதே பக்கத்திலேயே நுழைத்து ஒரு சின்ன வளையம் விட வேண்டும். பிறகு இடது நுனியை வலது வளையத்துக்குள்ளும் வலது நுனியை இடது வளையத்துக்குள்ளும் விட்டு இழுப்பது. இதை ஒரு மாலையில் கற்றுக்கொண்டேன். ஆனால் அடுத்த நடையிலும் விரல் இடித்தது.

இங்கேதான் இரண்டு வாரம் போனது. ஒரு பலகையின் ஒரு முனைக்குக் கீழே இரண்டு செங்கல் வைத்துச் சரிவு செய்துகொண்டேன். ஷூவைக் கட்டி, விரல்கள் கீழ்நோக்கி இருக்கும்படி நின்று, முன்பாதத்தை மூன்று முறை பலகையில் உதைப்பேன். விரல் சுவரைத் தொட்டால் அந்தக் கட்டு தோல்வி. ஒரு நோட்டில் ஒவ்வொரு கட்டையும் எழுதினேன். மொத்தம் 23 முயற்சி.

முதலில் பிடிபட்டது இழுக்கும் திசை. நான் நுனிகளை மேலே, முழங்காலை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தேன். அப்படி இழுத்தால் வளையம் நுனியை இறுக்குவதில்லை. பக்கவாட்டில், சற்றுக் கீழ்நோக்கி, தரையைப் பார்த்து இழுக்கும்போதுதான் வளையங்கள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி வந்து ஷூவின் கழுத்து கணுக்காலைக் கவ்வுகிறது. கை உடனே உணரும்: லேஸ் வழுக்குவது நின்று, பின்பக்கத் துணி குதிகாலுக்கு மேல் ஒட்டிக்கொள்ளும்.

அதன் பிறகும் மூன்றில் ஒரு கட்டு தோற்றது. காரணம் 19-வது முயற்சியில் தற்செயலாகக் கிடைத்தது. அன்று படிக்கட்டில் உட்கார்ந்து, காலை நீட்டி, குதிகாலை மட்டும் தரையில் ஊன்றிக் கட்டினேன். கட்டு அசையவில்லை. அதுவரை ஒரு முட்டி போட்டுக் குனிந்து, பாதம் தரையில் தட்டையாக இருக்கும்படிதான் கட்டியிருக்கிறேன். அந்த நிலையில் உடம்பின் எடை பாதத்தை ஏற்கெனவே முன்னால் தள்ளிவிடுகிறது, பூட்டு பூட்டுவது முன்னால் நகர்ந்துபோன பாதத்தை. இப்போது முறை இதுதான்: விரல்களை வானம் பார்க்கத் தூக்கி, குதிகாலை இரண்டு முறை தரையில் இடித்துப் பின்னால் உட்கார வைத்து, அந்த நிலை மாறாமல் கட்டுவது. கடைசி நான்கு முயற்சியிலும் விரல் தொடவில்லை.

விரல் பக்கத்து லேஸ் தளர்வாக இருக்க வேண்டும், மேலே இறுக வேண்டும். இந்த இரண்டையும் பிரித்து வைப்பதற்கு, பாதம் மேலே வளையும் இடத்தில் இடது, வலது நுனிகளை ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு தடுப்பு போடுகிறேன். அறுவை மருத்துவர்கள் நூலில் போடும் அதே இரட்டைச் சுற்றுதான். அந்த உராய்வு மேல் இறுக்கத்தைக் கீழே போகவிடாது. ஆனால் ஷூவோடு வந்த லேஸ் உருண்டையான வழுவழுப்பு ரகம், இரண்டு சுற்றிலும் நழுவியது. தட்டையான, கொஞ்சம் சொரசொரப்பான லேஸுக்கு மாறினேன். 120 சென்டிமீட்டர் போதவில்லை, தடுப்பும் பூட்டும் சேர்ந்து நிறைய நீளத்தைத் தின்றுவிடும். 150 வாங்கியதும் சரியாக இருந்தது. லேஸ் வாங்கும்போது நுனி உறையைப் பாருங்கள். ஒட்டு மட்டும் போட்ட உறை ஒரு மழையில் பிரிந்துவிட்டது, அழுத்திப் பொருத்தியது தாங்குகிறது.

முடிச்சைப் பற்றியும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். என் லேஸ் எப்போதும் தானாக அவிழும். 2017-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஓடும்போது கால் தரையில் மோதுகிற வேகம் புவியீர்ப்பைப் போல ஏழு மடங்கு விசையோடு முடிச்சைத் தளர்த்துகிறது, காற்றில் வீசப்படும் நுனிகள் அதைப் பிடித்து இழுக்கின்றன, சில நொடிகளில் முடிச்சு போய்விடுகிறது. இரண்டு விதப் பூமுடிச்சில் ஒன்று பலவீனமானது. அதில் முடிச்சின் இரண்டு வளையக் காதுகளும் பாதத்தின் குறுக்கே படுக்காமல் கணுக்காலுக்கும் விரலுக்கும் நேராகத் திரும்பி நிற்கும். என்னுடையது 35 வருடமாக அந்த வகைதான். முதல் சுற்றின் திசையை மட்டும் மாற்றினேன், நேற்று ஆறு மணி நேரத்தில் ஒரு தடவைகூட அவிழவில்லை.

நேர கணக்கையும் குறித்து வைக்கிறேன். 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன விதிப்படி 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. அதன்படி எனக்கு மூன்றரை மணிதான் ஆகியிருக்க வேண்டும். நான் ஓய்வையும் சேர்த்து ஆறு எடுத்தேன். அந்த விதி இறக்கத்தைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. பின்னால் வந்த லாங்முயர் திருத்தத்தில்தான் செங்குத்தான இறக்கத்தில் 300 மீட்டருக்கு 10 நிமிடம் கூட்டுகிறார்கள். என் கணக்கில் அது 20 நிமிடமாவது இருக்க வேண்டும். இன்னும் ஐந்தாறு நடைகளின் நேரத்தை எழுதிவிட்டு எனக்கான எண்ணை முடிவுசெய்வேன்.

கைக்கோல் ஒரு ஜோடி வாங்கும் ஆசை வந்திருக்கிறது. சமதரையில் முழங்கை செங்கோணத்தில் மடியும் உயரம், இறக்கத்தில் அதைவிட 5 முதல் 10 சென்டிமீட்டர் நீளம் என்கிறார்கள். நீளத்தை மாற்றித் திருகிப் பூட்டும் வகையா, நெம்பிப் பூட்டும் வகையா என்று நண்பர்களின் கோல்களை வாங்கி இரண்டு வாரமாகத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஈரக் கையால் திருகுவது கஷ்டம், நெம்புகோல்தான் என்று மனம் சாய்கிறது. வெளியில் ஓர் இரவு தங்குவதற்கு மூன்றுக்கு மூன்று மீட்டர் தார்ப்பாயும் பார்த்து வைத்திருக்கிறேன். முடிச்சு இவ்வளவு பிடித்துவிட்ட பிறகு தார்ப்பாய்க் கயிற்றை விட்டுவைக்க மனமில்லை.

ஷூ வேலை இன்னும் முடியவில்லை. இடது கால் பூட்டு ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை தளர்கிறது, வலது தளர்வதில்லை. என் இடது குதிகால் ஒல்லியானது, அதுதான் காரணமா, அந்தப் பக்கத்துக் கடைசி ஓட்டை கொஞ்சம் அகன்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எட்டு கிலோ பையோடு அதே இறக்கம். இடதுக்கு மட்டும் தடுப்பை மூன்று சுற்றாகப் போட்டுப் போகிறேன்.