ஈசல் வந்த வாரம்

ஜூன் 3
சாயங்காலம் நல்ல மழை. விட்ட அரை மணி நேரத்தில் ஹால் ட்யூப்லைட்டைச் சுற்றி ஈசல். 'புற்றீசல் போல' என்று எழுதிப் பழகிய கைக்கு இன்றுதான் அர்த்தம் புரிந்தது. ஜன்னல்களைச் சாத்தினேன், கதவடி இடுக்கு வழியாக வந்துகொண்டே இருந்தன. பதற்றத்தில் கொசு மருந்து அடித்தேன். விழுந்தது கொஞ்சம், வந்தது அதிகம். மருந்து நெடி போகட்டும் என்று ஃபேனைப் போட்டேன் பாருங்கள், அதுதான் பெரிய முட்டாள்தனம். உதிர்ந்து கிடந்த இறகெல்லாம் எழும்பிப் படுக்கை வரை போய்விட்டது.

ஜூன் 4
துடைப்பம் பட்டாலே இறகு பறக்கிறது. ஈரத்துணியால் ஒற்றித்தான் எடுத்தேன். போனில் அம்மாவிடம் புலம்பினால், "லைட்ட அணைக்காம மருந்தடிச்சியா?" என்று ஒரே சிரிப்பு.

ஈசல் என்பது இறகு முளைத்த கரையான்தானே, கதவையெல்லாம் தின்றுவிடுமோ என்று ஒரு பயம். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். நான்கு இறகும் ஒரே நீளம், இடுப்பு ஒடுங்கவில்லை, எறும்பில்லை, ஈசலேதான். ஆனால் இது கடிக்காது, மரத்தை அரிக்கவும் வரவில்லை. ஜோடி தேடிக் கிளம்பியது. எங்கிருந்து கிளம்பியது என்பதுதான் கேள்வி. சுவரிலிருந்தோ நிலையிலிருந்தோ என்றால் வீட்டுக்குள்ளேயே கரையான் குடியிருக்கிறது என்று அர்த்தம். டார்ச்சோடு நிலைகளையெல்லாம் தட்டிப் பார்த்தேன். பொள்ளல் சத்தம் இல்லை, சுவரில் மண்தடமும் இல்லை. தோட்டத்தில் பட்டுப்போன மரத்தின் அடிக்கட்டையைச் சுற்றித்தான் மண்ணில் சின்னச் சின்னத் துளைகள். அப்பாடா.

ஜூன் 5
மழை இல்லை. ஈசலும் இல்லை.

ஜூன் 7
மறுபடி மழை. இந்தத் தடவை உள்ளே எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, கதவடியில் பழைய துண்டைச் சுருட்டி வைத்தேன். வீட்டிலிருந்து தள்ளி ஒரே ஒரு விளக்கு, அடியில் அகலப் பாத்திரத்தில் தண்ணீர். அம்மா சொன்ன வழி. கூட்டம் மொத்தமும் அங்கேதான். எங்கிருந்தோ நான்கு தவளைகளும் வந்து சேர்ந்தன. நாற்பது நிமிடத்தில் அடங்கிவிட்டது.

பாத்திரத்தை எடுக்கப் போனபோது, இறகு உதிர்த்த இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் ஓடிக்கொண்டிருந்தன. ஈசலுக்கு ஒரு நாள் ஆயுசு என்பார்கள். ஆனால் பிழைக்கிற ஜோடி மண்ணுக்குள் போய் ராஜா ராணியாகப் பல வருடம் வாழும். இவை போன திசையில் அந்த அடிக்கட்டை.

அதைத் தோண்டி எடுக்க நாளைக்கே ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.