௶-க்கும் ௷-க்கும் நடுவே இரண்டு வாரம்

பத்து வருடம் பங்குச்சந்தையோடு மாரடித்தேன். முனைவர் பட்டமே நிஃப்டியின் ஏற்ற இறக்கத்தில்தான். பொருளாதார வரலாற்றுக்கு மாறுகிறேன் என்றதும் துறையில் மூத்தவர் ஒருவர், “அதுக்குள்ள ரிட்டையர் ஆகுற வயசா உனக்கு?” என்றார்.

என்னை மாற்றியது 1929-30 பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கை. பர்மாவில் வட்டிக்குக் கடன் கொடுத்துவந்த செட்டியார்கள் ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதாமாதம் கூடி ‘நடப்பு வட்டி’யை முடிவு செய்வார்களாம். மத்திய வங்கி வட்டி நிர்ணயிப்பதை வருடக்கணக்காகப் பாடம் எடுத்தவள் நான். முருகன் கோயிலில் அந்த வேலை நடந்தது தெரியாது. நம் ரிசர்வ் வங்கியே 1935இல்தான் வந்தது.

சரி, கணக்கையே பார்த்துவிடலாம் என்று காரைக்குடிப் பக்கம் ஒரு செட்டியார் வீட்டில், அவர்களுடைய பழைய பர்மாக் கடையின் பேரேடுகளைப் படமெடுத்து வந்தேன். எக்செலில் ஏற்றினால், வட்டிக்குக் கொடுத்த கடை கழுத்துவரை கடனில் நிற்கிறது! 1930களின் உலகப் பொருளாதாரப் பெருமந்தம் இவர்களைச் சாய்த்த விதத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக வரைபடம்கூடப் போட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, அந்த வீட்டுக் கணக்குப்பிள்ளை அய்யா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என் தாளைப் பார்த்தார். “ஏம்மா, இது அவன் பற்றுல்ல? நமக்கு வரவேண்டிய காசு. நீங்க வரவுல எழுதியிருக்கீங்க.” ௶ பற்று, ௷ வரவு. நான் தலைகீழாகப் படித்திருந்தேன். வீசம் என்றால் பதினாறில் ஒன்று, ரூபாய்க் கணக்கில் ஓரணா என்பதையும் அன்றைக்கு அவர்தான் சொல்லிக்கொடுத்தார். எந்தப் பல்கலைக்கழகத்தில் இதற்குத் தாள் இருக்கிறது?

திருத்திப் பார்த்தபோது கதையே வேறு. 1930க்குப் பிறகு நெல் விலை விழுந்ததும் வட்டிப் பத்தி காலியாகிக்கொண்டே வருகிறது. அப்புறம், பணம் வரவேண்டிய இடத்தில் நிலம் வருகிறது. கீழ்ப் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்களிடம் இருந்தது 6 சதவீத சாகுபடி நிலம். 1938இல் 25 சதவீதம். ஆசைப்பட்டு வாங்கியதில்லை, வாராக் கடனுக்கு ஈடாக வந்தது. விற்கலாமென்றால் வாங்க ஆளில்லை. ஊராரின் கோபம்தான் கூடவே வந்தது.

கட்டுரை போன மாதம் ஒரு ஆய்விதழுக்குப் போனது. மதிப்பீட்டாளர் தரவுத்தளத்தின் இணைப்பைக் கேட்டிருக்கிறார். அது ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது; சாவி ஆச்சியின் இடுப்பில்.