குற்றவாளி அகப்படாவிட்டாலும்

குற்றவியல் ஆய்வு நெடுங்காலம் குற்றவாளியையே சுற்றிச் சுற்றி வந்தது. பாதிக்கப்பட்டவருக்குச் சாட்சிக் கூண்டோடு சரி. 1973இல் ஜெருசலேமில் கூடிய பன்னாட்டு ஆய்வாளர்கள்தான் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய முதல் உலகக் கருத்தரங்கை நடத்தினார்கள். 1985 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை அவர்களுக்காகப் பிரகடனமே வெளியிட்டது. மரியாதை, தகவல், இழப்பீடு, மருத்துவ உதவி எல்லாம் அதில் உண்டு. நம் நாடாளுமன்றம் அதற்கேற்பக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்த 2008 ஆயிற்று. நமக்கு எதிலும் அவசரம் கிடையாது!

அப்போது வந்த 357ஏ பிரிவில் (அதற்குப் பதிலாக 2024இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 396) பலரும் அறியாத ஒரு வரி இருக்கிறது. குற்றவாளி யாரென்றே தெரியாமல் வழக்கு நின்றுபோனாலும், பாதிக்கப்பட்டவர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இழப்பீடு கேட்டு மனு கொடுக்கலாம். இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலைக் கொடுக்கும்போதே காவல் நிலையத்தில் இதையும் சொல்லி அனுப்பினால் என்ன?