392 ஹெர்ட்ஸில் தொலைந்த மிருதங்கம்

போன மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் ஈக்யூவுக்கே, அதாவது பதிவில் வெவ்வேறு அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் வேலைக்கே போயின. வீட்டின் பின்னறை, 10-க்கு 11 அடி, ஒரு ஸ்டீல் பீரோ, சுவரில் தொங்கும் இரண்டு கம்பளி, லேப்டாப்பில் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள். ஸ்டூடியோ என்று நான் சொல்லிக்கொள்வது இதைத்தான். அக்கா 5 கட்டை ஸ்ருதியில் பாடுவாள், எதிர்வீட்டுத் தம்பி மிருதங்கம், ஆளுக்கொரு மைக்.

முதல் வாரம் ஊரெல்லாம் சொல்லும் சமையல் குறிப்பைத்தான் பின்பற்றினேன். 300-லிருந்து 400 ஹெர்ட்ஸ் வரை வெட்டினால் கலங்கல் போகும், 3,000 பக்கம் ஏற்றினால் தெளிவு வரும் என்பார்களே, அது. ரீப்பரில் உள்ள ரீஈக்யூவைத் திறந்து இரண்டு டிராக்கிலும் 6 டெசிபெல் வெட்டி, மேலே 4 டெசிபெல் ஏற்றி, ராத்திரி ஹெட்போனில் கேட்டபோது அடடா, பளிச்சென்று இருக்கிறதே என்று எனக்கே பெருமை தாங்கவில்லை. காலையில் அக்கா ஒரு நிமிடம்தான் கேட்டாள். "ஏண்டா, அந்தப் பையன் மிருதங்கம் வாசிச்சானா, அட்டைப்பெட்டியைத் தட்டினானா?"

கோபம் வந்தாலும் அவள் காது தப்பாது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 5 கட்டை என்றால் மேற்கத்திய முறையில் ஜி. அவளுடைய மத்திய ஸ்தாயி ஷட்ஜம் (ஸ) 196 ஹெர்ட்ஸ், மேல் ஷட்ஜம் 392. மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலையும் அதே ஸ்ருதியில்தான் சேர்ந்திருக்கிறது. சாதாரணத் தோல் கருவியில் மேற்சுரங்கள், அதாவது அடிப்படைச் சுரத்தோடு கூடவே ஒலிக்கும் உயர்ந்த அதிர்வெண்கள், ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். மிருதங்கத்தில் நடுவே பூசிய கருப்புச் சோறுதான் அவற்றை 1, 2, 3 என்ற மடங்குகளுக்கு இழுத்து வருகிறது. சி.வி. ராமன் 1920-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆக நான் கலங்கல் என்று வெட்டி எறிந்தது மிருதங்கத்தின் நாதத்தை! சரி, 1 கட்டை பாடகராக இருந்தால் தப்பித்திருப்பேனா என்று பார்த்தால் அங்கே 392 பஞ்சமமாக (ப) வந்து உட்கார்ந்திருக்கிறது.

அதே கணக்கு வேறு இடத்தில் உதவியது. அக்கா மந்தர ஸ்தாயியில் பஞ்சமத்துக்குக் கீழே இறங்குவதில்லை, அது 147 ஹெர்ட்ஸ். அதனால் அவள் டிராக்கில் 80-ல் வைத்திருந்த ஹை பாஸை, அதாவது அதற்குக் கீழுள்ள ஒலியை அமுக்கும் வடிகட்டியை, 110 வரை தைரியமாகத் தூக்கினேன். தரை அதிர்வு, தெருவில் போகும் லாரி, எல்லாம் குறைந்தது. கரண்ட் இரைச்சல் மட்டும் குறையவில்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதை ஹை பாஸ் அமுக்கிவிடும், ஆனால் அதன் மடங்குகளான 150, 200 எல்லாம் குரலுக்கு அடியிலேயே ஓடுகின்றன. ஒவ்வொன்றாக ஊசி மாதிரி மெல்லிய வெட்டுப் போட்டுப் பார்த்தேன், குரல் சப்பென்று ஆனதுதான் மிச்சம். கடைசியில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன், இரைச்சல் நின்றுவிட்டது. ஃபேனுக்கும் அதே வைத்தியம், வியர்க்க வியர்க்கப் பாட வேண்டியதுதான்.

மூன்றாவது வாரம் தொப்பி, மிருதங்கத்தின் கனமான இடது முகம். ஸ்பீக்கரில் கேட்டால் தொம் என்று குமுறியது. 110 பக்கம் 5 டெசிபெல் குறைத்ததும் அடங்கியது, ஆனால் அதையே காரில் போட்டால் தொப்பியில் உயிரே இல்லை. அப்புறம்தான் அறையைச் சந்தேகப்பட்டேன். 10 அடி, 11 அடி சுவர்களுக்கு நடுவே ஒலி மோதித் திரும்பி உண்டாகும் நிலை அலைகள் 57, 52 ஹெர்ட்ஸ் வாக்கில். இரண்டாவது மடங்கு 114, 104. அறையின் நடுவில் முதலாவது செத்துப்போகும், இரண்டாவது பொங்கும். என் நாற்காலி சரியாக நட்டநடுவில்! 110-ல் ஒரு சைன் ஒலியை (ஒரே அதிர்வெண் மட்டும் உள்ளது) ஓடவிட்டு அறைக்குள் நடந்தேன்: நடுவில் காதை அடைத்தது, இரண்டடி தள்ளினால் பாதியாகிவிட்டது, கூடவே பீரோ கதவு வேறு கடகடத்தது. பதிவில் இல்லாத குறையைப் பதிவில் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்டை நீக்கினேன், நாற்காலியை நகர்த்தினேன், பீரோ கதவிடுக்கில் ஒரு துணி.

இன்னொரு ஏமாற்று வேலையும் பிடிபட்டது. ஈக்யூவில் எதை ஏற்றினாலும் மொத்தச் சத்தமும் கூடுகிறது, கூடினாலே காது நல்லா இருக்கு என்கிறது. இப்போது ஏற்றின அளவுக்கு வெளியீட்டைக் குறைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஈக்யூவை விலக்கியும் சேர்த்தும் கேட்க உதவும் பைபாஸ் பட்டனை எத்தனை முறை என்று எண்ணாமல் அமுக்கி, எது எது என்று தெரியாமல் கேட்கிறேன். நான் ஆசையாகப் போட்ட மாற்றங்களில் பாதி அங்கேயே விழுந்துவிட்டது, அந்த 3,000 ஏற்றமும் சேர்த்து.

கடைசி வாரம் குரலில் 200 பக்கம் கனம் அதிகமாக இருந்தது. ஈக்யூவைத் தொடவில்லை. முன்பக்கத்து ஒலியையே அதிகம் வாங்கும் கார்டியாய்டு மைக்கில் வாய் நெருங்க நெருங்க அடிக்குரல் வீங்கும், அக்கா நாலு விரல் தூரத்தில் பாடிக்கொண்டிருந்தாள். ஒரு சாணுக்கு மேல் தள்ளி நிற்கச் சொன்னேன், வீக்கம் வடிந்தது. ஆனால் தள்ளி நின்றதால் மிருதங்கம் அவள் மைக்கிலும் நிறையவே கசிகிறது, குரலைத் திருத்தினால் மிருதங்கமும் மாறுகிறது. அடுத்த ஞாயிறு தம்பியை ஹாலில் உட்காரவைத்து, நீளமான கேபிள் ஒன்று இழுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன், அம்மா டிவியை நிறுத்த ஒத்துக்கொண்டால்.